இலை காத்திருக்காது: தேயிலைத் தொழிற்சாலையில் முகவர் அமைப்பு தடுமாறினால் எங்கே பார்ப்பது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பச்சை இலை லாரியிலிருந்து இறங்குவது முதல் டிரையரை விட்டுத் தூளாக வெளியே வருவது வரை, எந்த லாட் (ஒன்றாக எடை போட்டு இறங்கிய இலைத் தொகுதி) எப்போது எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்பதை அங்கே ஒரு முகவர் அமைப்பு, அதாவது தமக்குள் செய்தி அனுப்பிப் பேசி முடிவெடுக்கும் சிறு நிரல்களின் கூட்டம், முடிவு செய்கிறது. அதைப் பராமரிப்பது என் வேலை. அமைப்பு தடுமாறும்போது எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீலகிரியில் ‘ஏஜென்ட்’ என்றால் சிறு விவசாயிகளிடமிருந்து கொழுந்தைச் சேர்த்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரும் இலை ஏஜென்ட். புதிதாக வந்த நாட்களில் நான் “டிரையர் ஏஜென்ட் பதில் சொல்லவில்லை” என்றதும், எடை போடுபவர் வெளியே போய் யாரையோ தேடினார். அன்றிலிருந்து மென்பொருளில் இருப்பதை ‘முகவர்’ என்றே சொல்கிறோம். இங்கேயும் அப்படியே.

அமைப்பு வேலை செய்யும் விதம் எளிதுதான். இலையைப் பரப்பிக் காற்றடித்து வாட்டும் நீண்ட தொட்டியான ட்ரஃப் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவர், வாடிய இலையை வெட்டி நறுக்கும் சிடிசி வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, வெட்டிய இலையை நிறமும் வாசமும் மாறும் வரை வைத்திருக்கும் ஃபெர்மென்டிங் மெஷினுக்கு ஒன்று, டிரையருக்கு ஒன்று. எடை போட்டு இறங்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் அப்போதே ஒரு முகவர் பிறக்கிறது. அது டெண்டர் விடுவதுபோல “இவ்வளவு கிலோ, இவ்வளவு ஈரம், இடம் தர முடியுமா?” என்று அழைப்பு அனுப்பும். ட்ரஃப் முகவர்கள் முன்மொழியும், நல்லதைத் தேர்ந்து லாட் முகவர் ஏற்பு அனுப்பும். 1980-இல் ரீட் ஸ்மித் எழுதிய ஒப்பந்த வலை நெறிமுறை இதுதான். அழைப்பு, முன்மொழிவு, ஏற்பு, மறுப்பு, ‘புரியவில்லை’ என்ற செய்தி வகைகளையெல்லாம் 1996-இல் தொடங்கிய ஃபிபா (FIPA) என்ற முகவர் மென்பொருள் தர அமைப்பு தரப்படுத்தியது. நாங்கள் ஓட்டுவது ஜாவாவில் எழுதிய ஜேட் என்ற தளத்தில்.

காலையில் ஒரு அட்டவணை போட்டு அதன்படி ஓட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே போதாது. சொந்தத் தோட்டம் இல்லாமல் வெளி இலையை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை இது. எந்த லாரி எப்போது வரும், எவ்வளவு இலையோடு வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் இலை நனைந்தே வரும். மதியம் மூடுபனி இறங்கினால் காற்றில் ஈரம் நிறைந்துவிடும். விசிறி மட்டும் ஓடினால் வாடாது, சூடான காற்று கலக்க வேண்டும். சீசனில் ஒரு ட்ரஃப் 12 மணி நேரத்தில் வாடும், இன்னொன்று 18 மணி நேரம் எடுக்கும். காலை ஆறு மணிக்குப் போட்ட அட்டவணை பத்து மணிக்கே பழசாகிவிடும்.

பிழை தேடும்போது நான் மனதில் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: முகவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ஒரு வாக்கு. யார் யாருக்கு எதைத் தருவதாகச் சொன்னது, எந்த நேரம் வரை அந்த வாக்கு செல்லும்? நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை கணக்குப் பிழைகள் அல்ல, கெடு இல்லாத வாக்குகள்.

தொடங்கும் முன் மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஒன்று, முகவர்களுக்கு இடையே நடந்த உரையாடலின் பதிவு. ஜேடில் ஸ்னிஃபர் என்று ஒரு கருவி இருக்கிறது, யார் யாருக்கு என்ன அனுப்பினார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். இரண்டு, ஒவ்வொரு முகவரும் அந்த நேரத்தில் நம்பிக்கொண்டிருக்கும் நிலை: “நான் காலி”, “என்னிடம் இந்த லாட் இருக்கிறது” என்பவை. மூன்று, தூள் தயாரிப்பு முழுவதையும் கவனிக்கும் டீ மேக்கரின் சாக்பீஸ் பலகை. மூன்றாவதை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அது அழிந்துவிட்டால் உண்மையில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. மூன்றும் கையில் இல்லாமல் எந்த முகவரையும் நிறுத்தி மறுபடி ஓடவிடாதீர்கள். ஓடவிட்டால் கோளாறு போய்விடும், காரணமும் கூடவே போய்விடும்.

அறிகுறி: அழைப்பு போகிறது, பதில் வரவில்லை

லாட் முகவர் ‘இடம் தேடுகிறது’ என்ற நிலையிலேயே நிற்கும். வெளியே லாரியில் இலை சாக்குகளில் அடைபட்டிருக்கும். அடைபட்ட இலை சூடேறும், சூடேறினால் சிவக்கும். சிவந்த இலையை வைத்துக்கொண்டு எந்த டீ மேக்கராலும் நல்ல தூள் எடுக்க முடியாது. அதனால் இந்த அறிகுறி வந்தால் முதலில் டீ மேக்கரிடம் சொல்லி, காலி ட்ரஃபில் கையாலேயே இலையைப் பரப்பச் சொல்லுங்கள். அப்புறம் தேடலாம்.

தேடும் வரிசை இது. பதில் தர வேண்டிய முகவர் உயிரோடு இருக்கிறதா? ஜேடில் எந்தச் சேவையை யார் தருகிறார் என்று சொல்லும் ஒரு பதிவேடு உண்டு, டெலிஃபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கம் மாதிரி. செத்துப்போன முகவரின் பெயர் அதில் அப்படியே கிடக்கலாம். லாட் முகவர் அந்தப் பெயருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கும். பதிவு செய்யும்போதே குத்தகைக் காலம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். புதுப்பிக்காத பெயர் தானாக விழுந்துவிடும். நாங்கள் இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறோம்.

உயிரோடு இருந்தும் வாய் திறக்கவில்லை என்றால், எங்காவது முடங்கிக் கிடக்கிறது என்று பொருள். இதை நான் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜேடில் ஒரு முகவருக்கு ஒரே ஒரு இழைதான் (thread), அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். அதற்குள் ‘நடத்தை’ என்ற சிறு வேலைகளை எத்தனை எழுதினாலும் ஒன்று முடிந்து வழிவிட்டால்தான் அடுத்தது ஓடும். இடையில் பிடுங்கிக் கொடுக்க யாரும் இல்லை. எங்கள் ஐந்தாம் ட்ரஃபின் ஈரமானியிலிருந்து வரும் கம்பி ஈரத்தில் பச்சை பூத்துப் போயிருந்தது. அளவைக் கேட்டால் சில சமயம் உடனே வரும், சில சமயம் முப்பது நொடி கழித்து ‘கிடைக்கவில்லை’ என்று வரும். அந்த முப்பது நொடியும் அந்த முகவர் செவிடு. அழைப்புகள் வாசலில் குவிந்து கிடக்கும், அது எழுந்து பார்க்கும்போது கெடு முடிந்திருக்கும். நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன், தவறு எதுவும் இல்லை. கடைசியில் ஸ்னிஃபர் படத்தில் ஐந்தாம் ட்ரஃபின் பதில்கள் மட்டும் முப்பதின் மடங்கில் தாமதமாவதைப் பார்த்த பிறகுதான் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன்.

கம்பியை மாற்றினோம், ஆனால் அது அரைத் தீர்வுதான். அடுத்த மழையில் வேறு கம்பி பூக்கும். முழுத் தீர்வு: கருவியைக் கேட்கும் வேலையைத் தனி இழைக்கு மாற்றுங்கள். முகவரிடம் கடைசியாகக் கிடைத்த அளவும், அது எடுக்கப்பட்ட நேரமும் மட்டும் இருக்கட்டும். அளவு பத்து நிமிடத்துக்கு மேல் பழசென்றால் முகவர் ‘என் கணிப்பு உறுதியில்லை’ என்ற குறிப்போடு முன்மொழியட்டும். மௌனமாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உயிரோடு இருக்கிறது, முடங்கவும் இல்லை என்றால் செய்தி வரிசையின் நீளத்தைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் செய்தி வந்து சேர்கிறது, ஆனால் எந்த நடத்தையும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எந்தச் செய்தியை எடுப்பது என்று ஒவ்வொரு நடத்தைக்கும் சொல்லும் வடிகட்டியில் ஒரு எழுத்து பிசகினாலும் போதும், செய்தி யாருக்கும் சொந்தமில்லாமல் வரிசையிலேயே கிடக்கும். எல்லா வடிகட்டிகளுக்கும் கடைசியில் ஒரு நடத்தை வையுங்கள்: வேறு யாரும் எடுக்காத செய்தியை எடுத்து, அனுப்பியவருக்குப் ‘புரியவில்லை’ என்று பதில் எழுதுவது மட்டும் அதன் வேலை. ஃபிபாவில் அந்தச் செய்தி வகை இருப்பதே இதற்காகத்தான்.

கடைசியாகக் கெடு. அழைப்பில் ‘இந்த நேரத்துக்குள் பதில் தேவை’ என்ற கட்டத்தை நிரப்பினீர்களா? நிரப்பாவிட்டால் ஜேடின் ஒப்பந்த வலை நடத்தை எல்லாப் பதிலும் வரும் வரை முடிவில்லாமல் காத்திருக்கும். பத்து ட்ரஃப்கள் பதில் சொல்லி ஒன்று மட்டும் சொல்லாவிட்டாலும் லாட் நகராது. ட்ரஃபுக்கான அழைப்புக்கு இருபது நொடி போதும்.

அறிகுறி: ஒரே ட்ரஃபுக்கு இரண்டு லாட்

இரண்டு லாரிகள் அடுத்தடுத்து வரும் மாலை நேரத்தில்தான் இது தெரியும். இரண்டு லாட் முகவர்களும் ஒரே நேரத்தில் அழைப்பு விடுகின்றன. ஏழாம் ட்ரஃப் காலி. அது முதல் லாட்டுக்கு முன்மொழிகிறது. இன்னும் ஏற்பு வரவில்லை என்பதால் தன்னைக் காலி என்றே நம்பி இரண்டாவது லாட்டுக்கும் முன்மொழிகிறது. இரண்டும் ஏற்கின்றன. பரப்ப வந்த பெண்கள் இரண்டு சீட்டிலும் ஏழு என்று எழுதியிருப்பதைக் காட்டி, “எதைப் போடறது?” என்று கேட்டு நிற்பார்கள்.

இதற்கு ‘ஒரு நேரத்தில் ஒரு அழைப்புக்கு மட்டும் முன்மொழி’ என்று பூட்டுப் போடுவது எளிதான வழி. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அது வேறொரு நோயைக் கொண்டுவந்தது: முதல் லாட் கடைசியில் வேறு ட்ரஃபைத் தேர்ந்தெடுக்கும், அதற்குள் இரண்டாவது லாட்டுக்கு ஏழாம் ட்ரஃப் மறுத்திருக்கும், ட்ரஃப் காலியாகவே கிடக்கும்.

சரியான வழி, தற்காலிகப் பிடிப்பு. முன்மொழியும்போது ட்ரஃப் முகவர் தன் இடத்தைப் பென்சிலால் குறித்துவைப்பதுபோல ஒரு சிறு கெடுவுக்குப் பிடித்துவைக்கும். அந்தக் கெடுவுக்குள் வரும் அடுத்த அழைப்புக்கு “இப்போது ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன், இத்தனை நொடியில் தெரியும்” என்ற நிபந்தனையோடு முன்மொழியும். ஏற்பு வந்தால் பேனாவால் எழுதும். கெடு முடிந்தால் பென்சில் குறி தானே அழியும். ஏற்பு தாமதமாக வந்தால், ‘முடியாது’ என்ற தோல்விச் செய்தியைத் தயங்காமல் அனுப்ப வேண்டும். லாட் முகவர் அதைப் பெற்றதும் அடுத்த சிறந்த முன்மொழிவுக்குப் போகும்படி எழுதியிருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஏற்பு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று எண்ணி மற்ற முன்மொழிவுகளைத் தூக்கிப் போட்டுவிடும் நிரலை நானே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: எல்லாம் நிற்கிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை

எல்லா முகவரும் உயிரோடு இருக்கும். திரை முழுவதும் பச்சை. ஆனால் சிடிசி சும்மா நிற்கும், ட்ரஃபில் வாடிய இலை கிடக்கும், வெளியே லாரி நிற்கும். ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து நிற்கும் முடிச்சு இது.

எங்களுக்கு வந்த முடிச்சை அப்படியே சொல்கிறேன். மூன்றாம் ட்ரஃபில் லாட் ‘அ’ வாடி முடிந்து சிடிசி நேரம் கேட்கிறது. சிடிசியின் காலை நேரத்தை லாட் ‘ஆ’ ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டது. ஆனால் லாட் ‘ஆ’ இன்னும் வாட வேண்டும், அதற்கு ட்ரஃப் கிடைக்கவில்லை. மூன்றாம் ட்ரஃப் காலியானால் அங்கே போகலாம். ‘அ’ கையில் ட்ரஃபை வைத்துக்கொண்டு சிடிசி கேட்கிறது, ‘ஆ’ கையில் சிடிசியை வைத்துக்கொண்டு ட்ரஃப் கேட்கிறது. இரண்டும் நேர்மையாகக் காத்திருக்கின்றன.

1971-இலேயே காஃப்மனும் உடனெழுதியவர்களும் இப்படி ஒரு முடிச்சு விழ நான்கு நிபந்தனைகள் ஒருசேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்: ஒரு பொருளை ஒருவர்தான் பிடிக்க முடியும், பிடித்ததை விடாமல் இன்னொன்றுக்குக் காத்திருப்பது, பிடித்தவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாக மூடுவது. நான்கில் ஒன்றை உடைத்தால் முடிச்சு விழாது. முதலாவதை உடைக்க முடியாது, ஒரு சிடிசியில் இரண்டு லாட்டைக் கலந்து விட முடியாது. மற்ற மூன்றில் எதையும் உடைக்கலாம்.

உடனடித் தீர்வு: ‘ஆ’வின் முன்பதிவை ரத்து செய்யுங்கள். எப்போதும் கையில் இலை இல்லாத பக்கத்தைத்தான் விடச் சொல்ல வேண்டும். ட்ரஃபில் கிடக்கும் இலையை எடுத்து வெளியே கொட்ட முடியாது.

நிலையான தீர்வைத் தேயிலையே சொல்லிக்கொடுக்கிறது. சிடிசியில் வெட்டுப்பட்ட நொடியிலிருந்து இலைக்குள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சுமார் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபெர்மென்டிங் முடிந்து அது டிரையருக்குள் போயாக வேண்டும். நிறம் செம்பாகும், வாசம் மாறும், அதைத் தாண்டினால் சுவை செத்துவிடும். ஆகவே முன்பதிவைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் டிரையர் நேரம், அது கிடைத்தால் ஃபெர்மென்டிங், அதுவும் கிடைத்தால் சிடிசி. மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால்தான் உறுதி, ஒன்று தவறினாலும் மூன்றையும் விட்டுவிட வேண்டும். ட்ரஃபில் இல்லாத லாட்டுக்குச் சிடிசி முன்பதிவே கிடையாது. இந்த இரண்டு விதிகளையும் போட்ட பிறகு எங்களுக்கு இந்த முடிச்சு திரும்ப வரவில்லை.

அறிகுறி: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணை மாறுகிறது

“தம்பி, நாலாம் ட்ரஃபை எடுக்கச் சொல்லிச்சு, ஆளுங்க போறதுக்குள்ள ஆறாம் ட்ரஃபுன்னுது. இப்ப மறுபடி நாலுங்குது. நான் எதை நம்பறது?” இது டீ மேக்கர் என்னிடம் கேட்டது. “அண்ணா, இன்றைக்கு நாலையே எடுங்கள், நான் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பதிவைத் திறந்தேன்.

காரணம் ஈரமானியில் இருந்தது, ஆனால் ஈரமானியில் கோளாறு இல்லை. ட்ரஃபில் காற்றின் திசையை மாற்றுவோம், அடியிலும் மேலும் ஒரே அளவில் வாட வேண்டும் என்பதற்காக. மாற்றிய சில நிமிடங்களுக்கு அளவு எகிறிக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பையும் முகவர் புதிய செய்தியாக எடுத்துக்கொண்டு, ‘நான் முந்திவிட்டேன்’, ‘இல்லை, பிந்திவிட்டேன்’ என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று மாற்றங்கள் செய்தோம். காற்றுத் திசை மாறிய பத்து நிமிடத்துக்கு அளவைச் சேர்க்காமல் விடுவது. தனி அளவைப் பார்க்காமல் அரைமணி நேரப் போக்கைப் பார்ப்பது. மிக முக்கியமானது மூன்றாவது: உறைந்த நேரம். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கான அட்டவணையை, மெஷின் நின்றால் தவிர, யாரும் தொடக்கூடாது. அதற்கு அப்பாலும், புதிய ஏற்பாடு பழையதைவிடத் தெளிவாக மேம்பட்டால்தான் மாற்றம். மாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு என்று முகவரின் கணக்கில் சேருங்கள், ஏனென்றால் ஆட்களின் நடைக்கு உண்மையிலேயே விலை உண்டு. முகவர்களுக்குச் செய்தி அனுப்பச் செலவில்லை. இலையை அள்ளும் கைகளுக்கு அப்படியில்லை.

அறிகுறி: மின்சாரம் வந்த பிறகு லாட் இரட்டிக்கிறது

மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது புதிதல்ல. ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் சில முகவர்கள் விழுந்து எழும். எழுந்ததும் தன் கடைசிச் செய்தி போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பும். பெறுபவர் அதைப் புது வேண்டுகோளாக எடுத்துக்கொண்டால், ஒரே இலைக்கு இரண்டு முன்பதிவு.

ஒவ்வொரு உரையாடலுக்கும் மாறாத எண் இருக்க வேண்டும். எடைச் சீட்டின் எண்ணையே வைத்துக்கொள்வது நல்லது. விழுந்து எழுந்த முகவரும் அதே எண்ணைத்தான் உருவாக்கும். அதே எண்ணில் இரண்டாம் முறை வரும் வேண்டுகோளுக்குப் பெறுபவர் புதிதாக எதுவும் செய்யாமல், முன்பு சொன்ன பதிலையே திரும்பச் சொல்ல வேண்டும். எழுந்த முகவர் பேசுவதற்கு முன் கேட்க வேண்டும்: “என் பெயரில் உங்களிடம் என்ன இருக்கிறது?” அதன் பிறகே புதிய அழைப்பு.

கூடவே எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மூன்று நிமிடம் பிந்தியிருந்தாலும் கெடு முடிந்த வாக்குகள் உயிரோடிருப்பதாகத் தெரியும். உள்வலையிலேயே ஒரு நேர வழங்கி வைத்தால் தீர்ந்தது.

அறிகுறி: கோளாறு எதுவும் இல்லை, ஆனால் தூள் சரியில்லை

இதுதான் கடினமானது. ஒவ்வொரு முகவரும் சரியாக நடந்திருக்கும், ஒவ்வொரு வாக்கும் காப்பாற்றப்பட்டிருக்கும், ஆனால் அன்றைய தூளைச் சுவைத்துப் பார்த்த டீ மேக்கர் முகம் சுளிப்பார்.

எங்கள் ட்ரஃப் முகவர்கள் குறைந்த செலவைச் சொல்வதையே நோக்கமாக வைத்திருந்தன. ஹீட்டருக்கு அருகில் இருக்கும் நான்கு ட்ரஃப்களுக்கு வெப்பக் காற்று இழப்பு குறைவு, அதனால் அவைதான் எப்போதும் வெல்லும். மாலையில் வந்த லாட்கள் எல்லாம் அந்த நான்கில் அடுத்தடுத்து ஏறி, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வாடி, விடியற்காலை ஐந்து மணிக்கு நான்கும் ஒன்றாகத் தயாராகும். சிடிசி ஒன்றைத்தான் எடுக்கும். நான்காவது லாட் தன் முறை வருவதற்குள் அதிகம் வாடிவிடும். விறகு மிச்சமானது உண்மை, தூள் கெட்டதும் உண்மை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு படம் போதும். எந்தெந்த லாட் எத்தனை மணிக்குத் தயாராகிறது என்பதை ஒரு நேர்க்கோட்டில் புள்ளிகளாக வையுங்கள். கீழே சிடிசி எடுத்த நேரத்தை வையுங்கள். மேலே புள்ளிகள் கொத்தாக இருந்து கீழே பரவி இருந்தால், முகவர்கள் தன் தன் பங்கை மட்டும் பார்க்கின்றன, மொத்த வரிசையை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். தலைவர் இல்லாத முகவர் அமைப்புகளின் பழைய பலவீனம் இந்தக் கிட்டப்பார்வை. 1998-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ப்ரோசா என்ற கட்டமைப்பை வகுத்தவர்கள் பொருள், வளம், ஆணை என்ற மூன்று அடிப்படை முகவர்களோடு ஆலோசகர் ஒருவரையும் சேர்த்தார்கள். ஆலோசகர் கட்டளையிடுவதில்லை. மொத்தத்தையும் பார்த்து யோசனை சொல்லும், முடிவு மற்றவர்களுடையது.

நாங்கள் செய்த திருத்தம் அதையொட்டியது. சிடிசி முகவர் அடுத்த 24 மணி நேரத்தின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு விலை அறிவிக்கிறது. நெரிசலான மணிக்கு விலை அதிகம். லாட் முகவர் ட்ரஃபைத் தேர்ந்தெடுக்கும்போது ட்ரஃபின் செலவோடு, ‘அங்கே வாடினால் எத்தனை மணிக்கு முடிவேன், அந்த மணியில் சிடிசி என்ன விலை’ என்பதையும் கூட்டுகிறது. தூரத்து ட்ரஃப் மெதுவாக வாடுவது இப்போது ஒரு வசதி, குறை அல்ல. விறகு கொஞ்சம் கூடியது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகிறது, அந்த ஒரு கிலோ குன்னூர் ஏலத்தில் இறங்கும் விலையை யோசித்தால் அந்த விறகு பெரிதில்லை.

ஒரு எச்சரிக்கை. விலையை அடிக்கடி மாற்றினால், முந்தைய அறிகுறியான அட்டவணை ஆட்டம் திரும்ப வரும். அரைமணிக்கு ஒருமுறை போதும்.

அறிகுறி: திரை ஒன்று சொல்கிறது, தளத்தில் வேறு நடக்கிறது

இதை மென்பொருள் கோளாறாகப் பார்க்காதவர்கள் உண்டு. நான் பார்க்கிறேன்.

வாடிய இலையை டீ மேக்கர் கை நிறைய அள்ளி அழுத்துவார். உருண்டையாகி, கையைத் திறந்ததும் மெதுவாக விரிந்தால் பதம். முப்பது வருடக் கை அது. ஈரமானி 72 சதவீதம் என்று சொல்லும்போது அந்தக் கை “இன்னும் ஒரு மணி நேரம்” என்றால், நான் கையைத்தான் நம்புவேன். பிரச்சினை, அவர் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டது முகவர்களுக்குத் தெரியாது. அவை ‘லாட் சிடிசிக்குப் போய்விட்டது’ என்று எண்ணி அடுத்தவற்றை ஏற்பாடு செய்துகொண்டே போகும். மதியத்துக்குள் திரையும் தளமும் வேறு வேறு தொழிற்சாலைகளாகிவிடும்.

உரையாடல் பதிவில் ‘முடிந்தது’ என்ற செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். நேரம் வந்ததும் முகவர் தானே ‘முடிந்தது’ என்று அறிவித்தால், அங்கேதான் தவறு. இலை நகர்ந்ததை ஒரு எடைத் தட்டோ, கன்வேயர் சுவிட்சோ, மனிதரின் விரலோ உறுதி செய்த பிறகே அந்தச் செய்தி போக வேண்டும்.

அப்புறம், டீ மேக்கரையும் ஒரு முகவராகச் சேருங்கள். அவருக்கு முன்னால் நாங்கள் முதலில் வைத்த திரையில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. ஈரக் கையோடு யாரும் அதை நிரப்ப மாட்டார்கள், அவரும் நிரப்பவில்லை. இப்போது ட்ரஃபின் ஓரத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன: ‘தள்ளு’, ‘இப்போதே எடு’, ‘விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’. முதல் இரண்டும் சாதாரணச் செய்திகள், மற்றவர்களின் செய்திகளைப் போலவே உரையாடல் எண்ணோடு போகும். மூன்றாவதை அழுத்தினால் அந்த லாட்டை அமைப்பு கைவிடும், அதற்குப் பிடித்து வைத்திருந்த நேரங்களை மற்ற லாட்களுக்குத் திறந்துவிடும்.

பொத்தான் வைத்த பிறகும் திரையும் தளமும் பிரிந்தால், எந்த ட்ரஃபில் எந்தப் பொத்தான் அதிகம் அழுத்தப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் ஒன்பதாம் ட்ரஃபில் ‘தள்ளு’ மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தது. போய்ப் பார்த்தால், ஈரமானி பொருத்திய மூலையில் கம்பி வலைக்கு அடியில் தகரம் நெளிந்து, காற்று அங்கே மட்டும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த மூலை வாடியதை வைத்து முழு ட்ரஃபும் வாடியதாக முகவர் நம்பியிருக்கிறது. தகரத்தைத் தட்டி நேராக்கி, ஈரமானியை நடுவுக்கு மாற்றினோம். அடுத்த வாரம் அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை.